மாடு மேய்க்கும் உரிமை

அம்மா ஏப்ரல் மாதக் கடைசியில் லண்டன் வந்தாள். முழங்கால் வலி உண்டு, ஆனால் நடக்க அலுக்காதவள். வந்த நான்காம் நாளே வான்ஸ்டெட் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேனர் பார்க்கில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, வழியில் பெஞ்சு கண்ட இடமெல்லாம் உட்கார்ந்து எழுந்து போனால் முக்கால் மணி நேரம் ஆகும். அவசரமாகக் கூட்டிப்போனதற்குக் காரணம் ப்ளூபெல் பூ. ஷாலே காட்டில் அது வருடத்துக்கு இரண்டு மூன்று வாரம்தான் பூக்கும். அப்போது மரங்களுக்கு அடியில் மண்ணே தெரியாது, கண்ணுக்கு எட்டியவரை ஒரே நீலம். யாரும் பூவை மிதித்துவிடக் கூடாது என்று பாதையின் இரு பக்கமும் விழுந்த மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். அதைச் செய்வது இந்தப் பக்கத்துத் தன்னார்வலர்கள்.

அம்மா நின்று பார்த்தாள். பிறகு குளக்கரையோடு நடந்தோம். தூண்கள் வைத்த சின்ன மண்டபம் ஒன்று. அதற்கு 'டெம்பிள்' என்று பெயர் என்றதும் உள்ளே என்ன சாமி என்று கேட்டாள். சாமி இல்லை, அழகுக்குக் கட்டியது, 1760-களில் எழுந்தது, பறவை வளர்க்கவும் காவலாள் குடியிருக்கவும் பயன்பட்டது, இப்போது சின்ன அருங்காட்சியகம் என்றேன். நீரோரமாக இன்னும் கொஞ்சம் போனால் குரோட்டோ. குகை மாதிரி கட்டிய படகுத்துறை. 1884-ல் தீப்பிடித்து, முகப்புச் சுவர் மட்டும் மிஞ்சி நிற்கிறது. அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவளுக்கே தோன்றக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"குளம் இருக்கு, மண்டபம் இருக்கு, இவ்ளோ தோப்பு இருக்கு. வீடு எங்கடி? எங்க ஊர் மிராசுதார் வீடுகூட இடிஞ்சுதான் போச்சு. ஆனா இடிஞ்ச சுவராவது கிடக்கும்."

வீடு இருந்த இடத்தைக் காட்ட அவளை வேலிவரை அழைத்துப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் கோல்ஃப் மைதானம். அங்கே புல்தரையில் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் இங்கிலாந்திலேயே பெரிய மாளிகைகளில் ஒன்று நின்ற இடம் அந்தப் பள்ளம்தான். அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளிடம் சொல்லும்போது விட்டுப்போன சிலதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

ரோமானியர் காலத்திலேயே இங்கே மனிதர்கள் குடியிருந்திருக்கிறார்கள். தோட்ட வேலைக்குத் தோண்டியபோது ரோமானியத் தரை ஓவியம் ஒன்று கிடைத்தது. பிறகு இந்த இடம் ராஜாக்களின் கையில் இருந்தது. முதலாம் எலிசபெத் ராணியின் பிரியத்துக்குரிய லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லி இதை வைத்திருந்தார். ராணிக்குப் பிடிக்காத ரகசியக் கல்யாணத்தை 1578-ல் அவர் செய்துகொண்டது இந்த வீட்டில்தான். அந்தக் காலத்தை இதோடு தாண்டிவிடுகிறேன். என் கதை தொடங்குவது 1673-ல், சர் ஜோசையா சைல்ட் என்ற வியாபாரி இந்த எஸ்டேட்டை வாங்கும்போது.

சைல்ட் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர். இந்தியாவுக்கு வந்து ஆண்ட கவர்னர் அல்ல, லண்டனில் உட்கார்ந்து கம்பெனி முழுவதையும் நடத்திய தலைவர். 1680-களில் கம்பெனி என்றாலே அவர்தான் என்கிற அளவுக்குச் செல்வாக்கு. அவுரங்கசீப்போடு சண்டைக்குப் போய், தோற்று, ஒன்றரை லட்ச ரூபாய் அபராதம் கட்டி மன்னிப்புக் கேட்க வேண்டிவந்த போருக்குச் சரித்திரத்தில் 'சைல்டின் போர்' என்றே பெயர். சோழமண்டலக் கரையில் நம் நெசவாளர்கள் நெய்த பருத்தித் துணியும் வங்காளத்துப் பட்டும் லண்டனில் ஏலம் போன காசில் கொஞ்சம் இந்த மண்ணில்தான் வந்து விழுந்தது. ஜான் ஈவ்லின் என்பவர் 1683-ல் இங்கே வந்து பார்த்துவிட்டு நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சைல்ட் வால்நட் மரம் நடவும் மீன் குளம் வெட்டவும் ஏராளமாகச் செலவழிப்பதையும், திடீரெனப் பணம் சேர்ந்தவர்கள் இப்படி விளையாத தரிசில் வந்து குடியேறுவதையும் அவர் ரசிக்கவில்லை. அன்றைக்குத் தொடங்கிய குளம் வெட்டும் வேலை மகன், பேரன் காலம்வரை நீண்டது. அம்மாவும் நானும் நடந்த கரை அப்படி உருவானது.

இதில் எனக்கு ஒரு சொந்த முடிச்சு உண்டு.

என் அப்பா சென்னை மாநகராட்சியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ரிப்பன் மாளிகையின் வெள்ளைக் கட்டடம்தான் எங்கள் சின்ன வயதில் உலகின் நடு. மாநகராட்சி பிறந்த தேதியைப் பிள்ளைகளின் பிறந்த நாள் மாதிரி சொல்வார்: 1688, செப்டம்பர் 29. பிரிட்டனுக்கு வெளியே பிரிட்டிஷார் ஏற்படுத்திய மிகப் பழைய மாநகராட்சிகளில் ஒன்று என்று சொல்லும்போது அவர் குரலே மாறும். அந்த மாநகராட்சியை ஏற்படுத்தலாம் என்ற யோசனை யாருடையது தெரியுமா? இதே ஜோசையா சைல்டுடையது.

கோட்டையைப் பலப்படுத்தவும் ஊரைக் காக்கவும் ஆகும் செலவைக் கம்பெனி ஊர்மக்கள் தலையில் கட்டப் பார்த்தது. ஊர்மக்கள் வீட்டு வரி கட்ட மறுத்தார்கள். வெளியிலிருந்து ஒருவன் வந்து வரி கேட்டால் தராதவர்கள், தங்களில் சிலரே உட்கார்ந்திருக்கும் சபை கேட்டால் தருவார்கள் என்று சைல்ட் கணக்குப் போட்டார். மேயர், ஆல்டர்மேன்கள், அவர்களுக்கு அங்கி, ஊர்வலம் எல்லாம் வைத்து, ஆங்கிலேயர், போர்த்துக்கீசியர், நம் ஊர்க்காரர்கள் என்று கலந்து ஒரு சபை. 1687 டிசம்பர் 30-ல் சாசனம் கையெழுத்தானது. மறு வருடம் சபை கூடியது. நதானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். அப்போது ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல்.

இது தெரிந்தபோது அப்பா இல்லை. இருந்திருந்தால் அன்றிரவே போன் செய்திருப்பேன். அவர் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்த இடத்துக்கு யோசனை சொன்னவரின் குளக்கரையில்தான் அவர் மகள் தினமும் காலையில் நடக்கிறாள். அம்மாவிடம் இதைச் சொன்னதும் பேசாமல் வந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அப்பாவ ஒருதடவ இங்க கூட்டிண்டு வந்திருக்கலாம்" என்றாள். அதற்குமேல் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

சைல்டின் மகன் ரிச்சர்ட் பழைய வீட்டை இடித்துவிட்டு, 1715-ல் தொடங்கி, காலன் கேம்பெல் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு புது மாளிகை எழுப்பினார். ஆறு தூண் தாங்கும் கோயில் முகப்பு வைத்த நீண்ட வெள்ளைக்கல் மாளிகை. இங்கிலாந்தில் பெரிய வீடு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அடுத்த ஐம்பது வருடத்துக்கு இதைப் பார்த்துக் கட்டினார்கள். ஹோகார்த் அந்த வீட்டின் உள்கூடத்தில் குடும்பத்தை உட்கார வைத்து வரைந்த ஓவியம் இப்போது அமெரிக்காவில், ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியில் நாட்டைவிட்டு ஓடிவந்த கோண்டே இளவரசர் இங்கே வாடகைக்கு இருந்தார்.

சொத்து கடைசியில் கேத்தரின் டில்னி-லாங் என்ற இளம்பெண்ணுக்கு வந்தது. அவளுடைய தம்பி சின்ன வயதில் இறந்துபோனதால் எல்லாம் அவள் பெயருக்கு. இங்கிலாந்தில் பட்டம் இல்லாதவர்களில் மிகப் பெரிய பணக்காரி என்று பேசினார்கள். அவள் 1812-ல் கட்டிக்கொண்டது வில்லியம் வெல்லஸ்லியை. வெல்லஸ்லி என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. வில்லியமின் ஒரு சித்தப்பா ஆர்தர், பிறகு வெலிங்டன் பிரபு ஆனவர், 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் போரில் இருந்தவர். பெரியப்பா ரிச்சர்ட் அப்போது கவர்னர் ஜெனரல். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டதும், 1801-ல் கர்நாடக நவாபின் நாட்டைக் கம்பெனி எடுத்துக்கொண்டதும் அவர் காலத்தில்தான். கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரத்தில் பிறந்த வீட்டுக்குள், கம்பெனிக்கு நாடு பிடித்துக் கொடுத்த குடும்பத்திலிருந்து மாப்பிள்ளை வந்தான்.

அவன் பத்தே வருடத்தில் எல்லாவற்றையும் கரைத்தான். விருந்து, தேர்தல் செலவு, கடன், கடனுக்கு மேல் கடன். 1822-ல் கடன்காரர்களுக்குப் பயந்து ஐரோப்பாவுக்கு ஓடினான். நிலம் சந்ததிக்கு என்று எழுதி வைத்த சொத்து, அதை விற்க முடியாது. வீட்டிலுள்ள பொருளை விற்கலாம். அந்த வருடம் ஜூன் மாதம் தொடங்கிய ஏலம் 32 நாள் நடந்தது. கட்டில், கண்ணாடி, திரைச்சீலை, பாத்திரம், படம், எல்லாம். அப்போதும் கடன் அடையவில்லை. மாளிகையையே கல்லும் மரமுமாக 10,000 பவுனுக்கு விற்றார்கள். இடித்து, அஸ்திவாரம்வரை தோண்டி எடுத்துப் போக வேண்டும் என்று ஒப்பந்தம். அம்மா பார்த்த பள்ளம் அதுதான். கேத்தரின் 1825-ல் இறந்தாள். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கவில்லை. அவளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். கல்யாணம் ஆனதும் பெண்ணின் சொத்தில் புருஷன் கை வைக்கலாம் என்று சட்டம் இருந்த காலம். அதை மாற்ற இன்னும் அறுபது வருடம் ஆனது.

இனி, எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி.

வீடு போனாலும் நிலம் வெல்லஸ்லி குடும்பத்தின் கையில்தான் இருந்தது. பூங்காவுக்குத் தெற்கே வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ் என்ற பெரிய மேய்ச்சல் வெளி. அது எப்பிங் காட்டின் தென்முனை. காட்டு நிலம் அந்தந்தப் பகுதி மேனர் பிரபுவுக்கு, அதாவது நிலக்கிழாருக்குச் சொந்தம். ஆனால் அதில் மாடு மேய்க்கும் உரிமை சுற்றிலும் நிலம் வைத்திருப்பவர்களுக்கு உண்டு. நம் ஊர் மேய்க்கால் புறம்போக்கை நினைத்துக்கொண்டால் பாதி புரியும். லண்டன் கிழக்கே வளர வளர, பிரபுக்கள் ஒவ்வொருவராக வேலி போட்டு மனை பிரிக்கத் தொடங்கினார்கள். எஸ்டேட்டுக்கு வாரிசாக வந்திருந்த கௌலி பிரபுவும் ஃப்ளாட்ஸில் வேலி போட்டார். 1871 ஜூலை 8, சனிக்கிழமை. கிழக்கு லண்டன் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அந்த வெளியில் கூடினார்கள். சாயங்காலம் வேலியைப் பிய்த்து எறிந்தார்கள்.

வேலியைப் பிய்த்தால் மறுநாள் திரும்பப் போடுவார்கள். நீதிமன்றத்தில் நிற்க ஆள் வேண்டும், காசு வேண்டும், முதலில் உரிமை வேண்டும். அந்த உரிமை வந்தது ஒரு சுடுகாட்டிலிருந்து. சரியாகச் சொன்னால் இடுகாட்டிலிருந்து. லண்டன் நகர மாநகராட்சி, தன் எல்லைக்குள் பிணம் புதைக்க இடமில்லாமல், இந்த எஸ்டேட்டுக்குச் சேர்ந்த ஆல்டர்ஸ்புரூக் பண்ணை நிலத்தை வாங்கி 1856-ல் பெரிய கல்லறைத் தோட்டம் திறந்திருந்தது. பண்ணை நிலம் வாங்கியதால், அதோடு கூட காட்டில் மாடு மேய்க்கும் உரிமையும் மாநகராட்சிக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்த உரிமையைக் கையில் பிடித்துக்கொண்டு, காட்டின் மேனர் பிரபுக்கள் எல்லார்மேலும் 1871-லேயே வழக்குப் போட்டார்கள். என் மாடு காடு முழுக்க எங்கே வேண்டுமானாலும் மேயலாம், நீ நடுவில் வேலி போட முடியாது என்பதுதான் வாதம். 1874-ல் நீதிபதி ஜெஸ்ஸல் அதை ஒப்புக்கொண்டார். இருபது வருடமாகப் போட்ட வேலிகள் சட்டவிரோதம் என்றார். 1878-ல் எப்பிங் காடு சட்டம் வந்தது. காடு என்றைக்கும் மக்களுக்கு, லண்டன் மாநகராட்சி அதன் காவல். பிறகு வான்ஸ்டெட் எஸ்டேட்டின் உள்தோட்டம் 184 ஏக்கரையும் கௌலி பிரபுவிடமிருந்து வாங்கி, 1882-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

பூங்கா தர்மமாகக் கிடைத்ததில்லை என்று அம்மாவிடம் அழுத்திச் சொன்னேன். கூட்டம் வேலியைப் பிய்த்தது, கல்லறைக்கு வாங்கிய நிலத்தில் மாட்டுக்கான உரிமை ஒட்டிக்கொண்டிருந்தது, அதை யாரோ ஒரு வக்கீல் கண்டுபிடித்து எழுதினார். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நாங்கள் நடந்த இடத்தில் இன்று வரிசை வீடுகள் நிற்கும்.

ப்ளூபெல் முடிந்து ஜூன் வந்ததும், சர்ச் ரோடு முருகன் கோயிலில் பழக்கமான யாழ்ப்பாணத்து அங்கிள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். எண்பதுகளில் இங்கே வந்தவர். மாட்டுக் கதையை நான் தொடங்கியதுமே அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பிள்ளை, நீங்கள் கோர்ட்டுக் கதை சொல்லுறியள். நான் கண்ணால கண்டனான். வந்த புதுசில விடியப்புறம் வேலைக்குப் போறன், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில பசு ஒண்டு படுத்துக் கிடக்குது. லண்டனில! நான் அப்பிடியே நிண்டுட்டன். ஊரை விட்டு வந்து ஆறு மாசம், அழாமல் இருந்தனான். அண்டைக்குத்தான் அழுதது."

அவர் சொன்னது அப்படியே உண்மை. 1996 வரை இங்கே மாடுகள் தங்கள் பழைய உரிமையில் திரிந்தன. சாலையை மறித்தன, தோட்டத்துக்குள் புகுந்து ரோஜாவைத் தின்றன. பைத்திய மாட்டு நோய் பரவியபோதுதான் நின்றது. அம்மா அங்கிளைப் பார்த்து, "அந்த மாடு என்ன நெறம்?" என்று கேட்டாள். அவரும் நினைவிலிருந்து யோசித்துச் சொன்னார். இரண்டு பேரும் மாட்டைப் பற்றியே அரைமணி நேரம் பேசினார்கள். தஞ்சாவூர்த் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் காபி ஆறும்வரை.

அந்த வெளி வேறு எதற்கெல்லாம் பயன்பட்டது என்று அடுத்த வாரம் முழுக்க அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டாம் உலகப் போரில் ஃப்ளாட்ஸில் விமான எதிர்ப்புப் பீரங்கி வைத்திருந்தார்கள். போர்க்கைதிகளின் முகாம் இருந்தது. குண்டு விழுந்து வீடிழந்தவர்களுக்குத் தற்காலிக வீடுகள் போட்டார்கள். போர் முடிந்ததும் நிரந்தரமாகவே வீடு கட்டிவிடலாம் என்று உள்ளூர் மன்றங்கள் கேட்டன. வீடு தேவைப்பட்டது உண்மை. இருந்தும் அதே கிழக்கு லண்டன் மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் நின்றது. 1871-ன் பேரப்பிள்ளைகள் என்று நினைத்துக்கொள்வேன். இன்றைக்கு ஞாயிறு காலை போனால் வரிசை வரிசையாகக் கால்பந்துக் கோல் கம்பங்கள். நம் பிள்ளைகளும் விளையாடுகிறார்கள், பெற்றவர்கள் கோட்டோரம் நின்று தமிழில் கத்துகிறார்கள். பூங்காவுக்குள் ஹெரான்ரி குளத்தின் பக்கம் டீக்கடை. அங்கே ஒரே பெஞ்சில் பஞ்சாபித் தாத்தா, போலந்துக்காரத் தாய், ஹிஜாப் போட்ட கல்லூரிப் பெண், நாய், நான், அம்மா.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சைல்ட் குடும்பம் செயற்கையாகக் கட்டிய நீர்நிலைகள் கசிகின்றன. ஆர்னமெண்டல் வாட்டர் என்று அழகாகப் பெயர் வைத்த நீளக் குளம் சில கோடையில் சேறாகக் கிடக்கும். ஒரு வீட்டின் செல்வத்தைக் காட்ட வெட்டிய குளத்துக்கு இன்று தண்ணீர் கொடுப்பது பொதுப் பணம். அது போதவில்லை. அழிவின் விளிம்பிலுள்ள பாரம்பரிய இடங்களின் பட்டியலில் இந்தப் பூங்கா வருடக்கணக்காக இருக்கிறது. 2018 ஜூலையில் ஃப்ளாட்ஸ் தீப்பிடித்தது. 40 தீயணைப்பு வண்டிகள், 200-க்கு மேல் வீரர்கள். லண்டன் கண்ட மிகப் பெரிய புல்தீ என்றார்கள். எங்கள் வீட்டு ஜன்னல்வரை கருகல் வாசனை. மறுநாள் போய்ப் பார்த்தபோது கறுப்பு நிலத்தில் வானம்பாடி ஒன்று மேலே ஏறி ஏறிப் பாடிக்கொண்டிருந்தது. வானம்பாடி தரையில் கூடு கட்டும் பறவை. நகரத்தின் நடுவுக்கு இவ்வளவு அருகில் அது முட்டையிடும் இடம் இது ஒன்றுதான் என்று சொல்லலாம். இப்போது அடைகாக்கும் மாதங்களில் அதற்காகக் கயிறு கட்டி இடம் ஒதுக்குகிறார்கள். மக்கள் வேலியைப் பிய்த்த அதே வெளியில் பறவைக்காக வேலி போடுகிறார்கள். நாய் வளர்க்கும் சிலருக்கு அதில் கோபம். நான் பறவை கட்சி. வருடத்தில் சில மாதம், ஒரு மூலை, அதைக்கூட விட்டுக்கொடுக்க முடியாதா?

செப்டம்பரில் அம்மா ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னால் கடைசியாக ஒருமுறை போனோம். இந்தத் தடவை அவளே அழைத்தாள். சில வருடங்களாகப் பூங்காவில் மறுபடி மாடு விடுகிறார்கள், நீளக் கொம்பு வைத்த இங்கிலீஷ் இனம். புல்லையும் முள்புதரையும் மேய்ந்து காட்டுப்பூவுக்கு இடம் விடத்தான். கழுத்தில் மணிக்குப் பதில் ஒரு கருவி கட்டியிருக்கும். வேலி கிடையாது. எல்லையை நெருங்கினால் கருவி ஓசை எழுப்பும், மாடு திரும்பிவிடும்.

நாங்கள் போன அன்று புல்வெளி நடுவே மூன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. அம்மா கைத்தடியை ஊன்றி நின்றாள். அங்கிள் சொன்ன மாடு மாதிரிதான் இருக்கிறதா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொம்புக்குப் பொங்கலுக்கு என்ன வர்ணம் பூசினாலும் நன்னா இருக்கும்டி" என்றாள்.